வெண்ணெயா, மார்ஜரினா? முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

போன டிசம்பரில் தம்பி மகளுக்காக வெண்ணெய் கேக் செய்தேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 200 கிராம், முட்டை நான்கு. பல ஆண்டுகளாகப் பிசகாத கணக்கு. அன்று கடையில் வெண்ணெய் இல்லை, அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்யும் மார்ஜரின் என்று கேட்டு ஒரு டப்பா வாங்கி வந்தேன். கேக் மேலே அழகாகச் சிவந்தது. வெட்டினால் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் களி போல ஈரம். அடுப்பைச் சந்தேகப்பட்டேன், பேக்கிங் பவுடரைச் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் கழித்துக் காலி டப்பாவைக் கழுவும்போதுதான் காரணம் கண்ணில் பட்டது. புதிதாகச் சமைக்கத் தொடங்கியவர்கள் அதே இடத்தில் தடுக்கி விழக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கொழுப்பு எத்தனை சதவீதம்?

பாக்கெட்டில் விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்கும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் திடப்பொருள், உப்பு. அசல் மார்ஜரினிலும் கொழுப்பு ஏறத்தாழ அதே அளவுதான். பாலிலிருந்து வராமல் தாவர எண்ணெயிலிருந்து வருகிறது. நான் வாங்கியது மார்ஜரினே இல்லை. டப்பாவின் பக்கவாட்டில் 'வெஜிடபிள் ஃபேட் ஸ்ப்ரெட்' என்று சிறிய எழுத்தில் இருந்தது. கொழுப்பு 40 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் வெண்ணெயில் 160 கிராம் கொழுப்பு, முப்பது கிராமை ஒட்டித் தண்ணீர். 200 கிராம் ஸ்ப்ரெட்டில் 80 கிராம்தான் கொழுப்பு, தண்ணீர் நூறு கிராமுக்கும் மேல். ஒரு தம்ளரில் பாதிக்குக் குறையாத தண்ணீரை நானே மாவில் ஊற்றியிருக்கிறேன்.

ஆகவே முன்பக்கத்துப் படத்தையும் பெயரையும் நம்பாதீர்கள். பின்பக்கத்து அட்டவணையில் 'மொத்தக் கொழுப்பு' என்ற வரியைத் தேடுங்கள். 100 கிராமுக்கு 80 என்றிருந்தால் எதற்கும் ஆகும். சில டப்பாக்களில் ஒரு பரிமாறலுக்கு, அதாவது 10 கிராமுக்கு, 4 கிராம் என்று போட்டிருப்பார்கள்; அது 40 சதவீதம். அதை ரொட்டியில் தடவலாம், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

அதே அட்டவணையில் டிரான்ஸ் கொழுப்பையும் பார்த்துவிடுங்கள்; எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகி இதயத்துக்குக் கேடு செய்யும் கொழுப்பு அது. பழைய முறை மார்ஜரினுக்குக் கெட்ட பெயர் வந்ததே அதனால்தான். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இது 2021 ஜனவரி முதல் 3 சதவீதத்தையும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்தது. வெண்ணெயும் கணக்கில்லாமல் தின்னும் பொருள் அல்ல. அதன் எடையில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதுவே முடிவு.

படி 2: ரொட்டிக்கு

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் ரொட்டியைப் பிய்த்துவிடும். மார்ஜரின் எடுத்தவுடன் வழுக்கிக்கொண்டு பரவும், குளிரிலும் உறையாத எண்ணெய் அதில் இருப்பதால். இந்த ஒரு வசதிக்காக மணத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. 100 கிராம் வெண்ணெயை இளக வைத்து, மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் 50 மில்லி சேர்த்து மத்தால் அடித்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவோம். காலை அவசரத்திலும் கத்தியில் மென்மையாக வரும்.

படி 3: தோசைக்கும் வதக்கலுக்கும்

வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள் 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சிவந்து, பிறகு கருகும். காய்ந்த தோசைக்கல்லில் முதலில் வெண்ணெயைப் போடாதீர்கள். மாவை ஊற்றி, மேற்புறம் வெந்து ஓரம் கிளம்பும்போது போடுங்கள். நுரை அடங்கி முந்திரி வறுத்த வாசனை வரும் நொடியில் தோசையை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் கலந்தால் வெண்ணெய் கருகாது என்று பலர் சொல்வது சரியல்ல; பால் திடப்பொருள் கருகும் சூடு எண்ணெயால் மாறாது. தாளிக்க நெய்யோ எண்ணெயோதான். ஆவின் பாலகத்தில் கிடைக்கும் உப்பில்லாத சமையல் வெண்ணெயை வாங்கி வீட்டிலேயே நெய் உருக்குங்கள். உப்பு வெண்ணெயை உருக்கினால் உப்பெல்லாம் அடிக்கசடில் தங்கிக் கசடு வீணாகிவிடும்.

படி 4: முறுக்கு, பிஸ்கட், பஃப்ஸ்

முறுக்குக்கு இரண்டு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் போதும். கூடினால் எண்ணெயில் உதிரும். மார்ஜரின் போட்டாலும் மொறுமொறுப்பு வரும், வெண்ணெய் முறுக்கின் வாசனை வராது. பஃப்ஸுக்கு மட்டும் நம் ஊர் வெயிலில், பேக்கரிகளுக்கென்று கெட்டியாகச் செய்யும் மார்ஜரினை நான் குறை சொல்ல மாட்டேன். அது லேசில் உருகாது, மடிப்புகள் கலையாமல் நிற்கும். தின்றபின் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியது போல இருப்பதும் அது உடற்சூட்டில் முழுதாக உருகாததால்தான்.

கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் கப் அளவை விட்டுவிட்டு ஒரு மின்னணுத் தராசு வாங்குங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் நிறைய இருக்கும். குளிர்ந்த நீரில் கழுவி, பிழிந்து, பிறகு எடை போடுங்கள்.

பின்சேர்க்கை 1: மார்ஜரின் சைவமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். 1869இல் பிரான்சில் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் அதை முதலில் செய்தபோது மாட்டுக் கொழுப்பில்தான் செய்தார். இன்று இங்கே விற்பது தாவர எண்ணெயில் ஆனது; பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பால் கலந்த பொருளுக்கும் பச்சைப் புள்ளிதான். பாலே கூடாது என்பவர்கள் சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: பிஸ்கட் தட்டில் உருகி ஒரே அப்பளமாகிவிட்டது என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதினார். முன்பு என் பிஸ்கட் குறிப்பில் 'அறை வெப்பநிலை வெண்ணெய்' என்று எழுதியது என் தவறு. அந்தச் சொல் குளிர்நாட்டுச் சமையலறைக்குரியது. 20 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொருள். மே மாத மதுரையில் அறையே 35 டிகிரி. சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது. மினுக்கினால் மறுபடி குளிர்பெட்டிக்கு. வடிவம் வெட்டிய பிஸ்கட்டுகளையும் தட்டோடு அரை மணி நேரம் குளிரவைத்து, அடுப்பு முழுச் சூடு ஏறிய பிறகே உள்ளே தள்ளுங்கள்.