முடிவைச் சொன்ன பிறகும் பதற்றம் குறையாமல் கதை எழுதுவது எப்படி?

மர்மக் கதை எழுதத் தொடங்குபவர்களில் பலர் முதலில் ஒரு ரகசியத்தைத் தேர்ந்துகொண்டு, அதைக் கடைசி அத்தியாயம்வரை மூடி வைப்பதற்காகவே மனிதர்களை அங்குமிங்கும் நகர்த்துகிறார்கள். ரகசியத்தைச் சுமப்பதைத் தவிர அம்மனிதர்களுக்கு வேறு வேலை இருப்பதில்லை. அது வெளிப்பட்டதும் வாசகர் அவர்களையும் மறந்துவிடுகிறார். இதற்கு நேர்மாறான வழியைக் கற்க விரும்புகிறவர், சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ணும் பகுதியான கொலைக்களக் காதையை ஒருமுறை கதை எழுதுபவரின் கண்ணோடு படிக்க வேண்டும்.

அந்த நூலின் முன்னுரையான பதிகத்திலேயே கதை சுருக்கமாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் மதுரையில் கொலையுண்பான் என்று தெரிந்துகொண்டுதான் நாம் உள்ளே நுழைகிறோம். ஆனாலும் அக்காதையை நிதானமாகப் படிக்க முடிவதில்லை. ஆயர்குல மூதாட்டி மாதரியின் அடைக்கலத்தில் கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். உண்டு முடித்த கோவலன், அவளை எவ்வளவு துன்பத்துக்கு ஆளாக்கிவிட்டோம் என்று வருந்துகிறான். கண்ணகியும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு பேசுபவளாக அங்கே இல்லை: அவன் நடந்துகொண்ட முறை எவரும் போற்றத்தக்கதன்று என்று நேரே சொல்லிவிட்டு, அவன் சொல்லை மாற்றாத உள்ளம் தனக்கு உண்டு என்பதால் உடன் புறப்பட்டதாகக் கூறுகிறாள். முறிந்த ஒரு வாழ்க்கை அந்தச் சில அடிகளில் மீண்டும் ஒட்டத் தொடங்குகிறது. அதன் பிறகே அவன் அவளுடைய ஒற்றைச் சிலம்பை விற்க எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறான்.

உங்கள் கதையிலும் அடி விழுவதற்கு முன்னால் இப்படி ஒரு காட்சி இருக்கட்டும். அந்த மனிதர் எதை இழக்கப்போகிறாரோ, அதை அவர் கையில் வைத்திருக்கும் நிலையில் வாசகர் பார்க்க வேண்டும். வேகம் குறைந்துவிடும் என்று அஞ்சி இத்தகைய பக்கங்களை வெட்டிவிடுகிறவர்கள், பதற்றத்தின் வேரையே வெட்டுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்ததாக, தகவலை யாரிடம் முதலில் கொடுப்பது என்று தீர்மானியுங்கள். சிலம்பை விற்கக் கோவலன் ஒரு பொற்கொல்லனை அணுகுகிறான்; அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனே என்பதையும், பழியை இந்தப் புதியவன் மேல் சுமத்த அவன் எண்ணுவதையும் நாம் அறிந்துகொள்கிறோம். கோவலனோ அறியாமல் காத்திருக்கிறான். இந்த இடைவெளியில்தான் நம் நெஞ்சு படபடக்கிறது.

இதை இன்றைய சூழலில் பொருத்திப் பார்ப்போம். கூட்டுறவு வங்கி ஒன்றில் இருபது ஆண்டுகளாக நகை மதிப்பீட்டாளராக இருக்கும் ஒருவர், தணிக்கைக்கு முந்தைய மாலையில், அடகு வைக்கப்பட்ட வளையல்களை உரைகல்லில் மீண்டும் உரைத்துப் பார்க்கும்போது அவை பூச்சு நகைகள் என்று கண்டுகொள்கிறார். வைத்தவர் அவருடைய அக்கா. தம் கம்மலை விற்று அவரைப் படிக்கவைத்தவர். இந்த உண்மையைக் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கிவைத்தால் வாசகருக்கு ஒரு கணத்து வியப்பு மட்டுமே கிடைக்கும். முதலிலேயே சொல்லிவிட்டு, அன்றிரவு அவரை அக்கா வீட்டுக்குச் சாப்பிட அனுப்புங்கள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாடா?" என்று அக்கா கேட்பதுகூட அப்போது தாங்கமுடியாத வரியாகிவிடும்.

இங்கே ஒரு நேர்மை தேவைப்படுகிறது. எந்தப் பாத்திரத்தின் மனத்துக்குள் இருந்து கதை சொல்கிறீர்களோ, அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்ததை வாசகரிடமிருந்து மறைக்காதீர்கள். மதிப்பீட்டாளரின் நினைவுகளையெல்லாம் எழுதிவிட்டு வளையல்களை மட்டும் விட்டுவிட்டால், ஒளித்தவர் எழுத்தாளர் என்பது வெளிப்பட்டுவிடும். அவர் தம் அக்காவிடம் மறைக்கலாம், மேலாளரிடம் மறைக்கலாம். அவை அவருடைய குணத்திலிருந்து வரும் மறைப்புகள்.

தாமதமும் குணத்திலிருந்தே வர வேண்டும். கொலைக்களத்தில் கோவலனைப் பார்த்த காவலர், இவன் கொலைக்கு உரியவனாகத் தோன்றவில்லை என்று தயங்குகிறார்கள்; பொற்கொல்லன் அவர்களை இகழ்ந்து, திருடர்களின் தந்திரங்களை விரிவாக எடுத்துரைக்கிறான்; கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவனின் வாள் பாய்கிறது. முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு கணமும் அங்கே ஒரு மனிதனின் அறிவு, சூழ்ச்சி, மூர்க்கம் ஆகியவற்றால் ஆனது. திடீரென்று நின்றுபோகும் மின்சாரமும் எடுக்கப்படாத தொலைபேசியும் ஒருமுறை உதவலாம். மறுமுறை வாசகர் சலிப்படைவார்.

முதல் வரைவை முடித்ததும் கையெழுத்துப் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, பதற்றத்தை முன்நகர்த்தும் வரிகளை ஒரு வண்ணத்திலும் மனிதரைக் காட்டும் வரிகளை மற்றொரு வண்ணத்திலும் அடிக்கோடிடுங்கள். ஒரே வண்ணம் தொடர்ந்து பல பக்கங்களுக்கு நீண்டால் அங்கே திருத்தம் தேவை. இரண்டு வண்ணங்களும் ஒரே வரியின் கீழ் விழும் இடங்களைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.