கேப்டவுனுக்குக் குழந்தை மூளை ஆய்வுக்கு வருகிறீர்களா?

சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் திரைப் பழக்கமும் என்ற தலைப்பில், உதவித்தொகையோடு பி.எச்டி. இடம் கிடைத்து வருபவர்கள் முதலில் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் எத்தனை வருடத்துக்கு? வெளிநாட்டு மாணவர் கட்டணம் தனியா, அந்தப் பணத்திலேயே கழியுமா?

கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி.க்கு வகுப்பு, பரீட்சை எதுவும் கிடையாது. 80,000 சொற்களுக்கு மிகாத ஆய்வேடு ஒன்றுதான். கேட்க சுகமாக இருக்கும். ஆனால் குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். மூன்று வருடப் பணம்தான் என்றால், ஏற்கெனவே அனுமதியோடு நடக்கும் பெரிய ஆய்வு ஒன்றில் உங்கள் கேள்வியைச் சேர்க்க முடியுமா என்று வந்த வாரமே கைடிடம் பேசிவிடுங்கள். அதற்கு இங்கே வழி உண்டு. பக்கத்து பார்ல் நகரில் 2012-இல் தொடங்கிய டிராக்கன்ஸ்டைன் ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களையும் பிள்ளைகளையும் கர்ப்ப காலத்திலிருந்தே தொடர்ந்து பார்த்து வருகிறது. அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள்.

விசாவுக்குப் பயணக் காப்பீடு செல்லாது. தென்னாப்பிரிக்காவில் பதிவான மருத்துவத் திட்டத்தில்தான் சேர வேண்டும். விசாவைப் புதுப்பிக்க, முடிவதற்கு 60 நாள் முன்பே மனு போடுங்கள். குழந்தைகளோடு வேலை செய்பவர்களின் பெயர், தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் தடைப்பட்டியலில் இல்லை என்று சான்று கேட்பார்கள். அதற்கான மனுவை எல்லோரும் 'ஃபார்ம் 30' என்றே சொல்கிறார்கள். சான்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் மற்ற வேலைகளுக்கு முன்னால் இதைப் போட்டுவிடுங்கள்.

சரி, ஆய்வுக்கு வருவோம். ஸ்கேன் இயந்திரத்தை இயக்கக் கற்றுத்தர ஆள் இருப்பார்கள். உங்களைச் சோதிக்கப்போவது வீடுகள். 'குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரை பார்க்கிறது?' என்ற கேள்வி, பிள்ளைக்கென்று டேப்லெட் இருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. நகரின் ஏழைக் குடியிருப்புகளான குகுலேத்துவிலோ கயலிட்ஷாவிலோ பல வீடுகளில் நிலைமை வேறு. இருப்பது ஒரே போன், அது அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். டேட்டாவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்குவார்கள். ஆனால் டிவி காலையில் போட்டால் இரவு வரை பேசிக்கொண்டே இருக்கும். பிள்ளை அதைப் பார்க்கிறதா, அதன் பக்கத்தில் விளையாடுகிறதா? அம்மாவிடம் மணிக்கணக்குக் கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கலாம்: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதனால் நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன நடந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால், கேள்வி பாட்டியிடம்தான்.

மொழி தெரியாமல் இது நடக்காது. களப் பணியாளர்கள் இங்குள்ள மொழிகளான இசிக்கோசாவிலும் ஆஃப்ரிகான்ஸிலும் பேசுவார்கள். நீங்கள் குறைந்தது இசிக்கோசாவில் 'மோலோ மாமா' என்று வணக்கமும் 'என்கோசி' என்று நன்றியும் சொல்லப் பழகுங்கள். அந்தப் பணியாளர்களை வெறும் மொழிபெயர்ப்பாளர்களாக நடத்தும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எந்தக் கேள்வி அம்மாவின் முகத்தைச் சுருங்க வைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுப்பதாக இருந்தால் தலைமுடியைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். நெருக்கமாகப் பின்னிய தலையில் மின்முனை தோலைத் தொடாது, சிக்னல் பாழாகும். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய நம் ஊர்த் தலைக்கும் இதே கதைதான். பின்னலைப் பிரித்த நாளுக்கும் மறுபடி பின்னும் நாளுக்கும் நடுவில் தேதி கேளுங்கள். ஜெல்லைக் கழுவ வெந்நீரும் துண்டும் வைத்திருங்கள். கைக்குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. என்றால் மயக்க மருந்து இல்லாமல், பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை மூடி, இயல்பாகத் தூங்க வைத்தே எடுப்பார்கள். அந்தத் தூக்கத்துக்காக ஒரு மாலை முழுவதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பவும் நேரும். இரண்டு, மூன்று வயதுக்காரர்கள் இன்னும் கஷ்டம்: அசையாமலும் இருக்க மாட்டார்கள், சொன்ன நேரத்துக்குத் தூங்கவும் மாட்டார்கள்.

முடிவுகளை எழுதும்போது அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் மூன்று முதல் ஐந்து வயதுள்ள 47 குழந்தைகளை ஆராய்ந்து, திரைப் பழக்கம் அதிகமான பிள்ளைகளுக்கு மொழி சார்ந்த வெண்பொருள் பாதைகளின் (மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள்) கட்டமைப்பு ஒழுங்கு சற்றுக் குறைந்திருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. ஒரே சமயத்தில் எடுத்த அளவுகளிலிருந்து எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. வீட்டு வருமானமும் அம்மாவின் மனச்சோர்வும் திரையோடு சேர்ந்தே வரும். உங்கள் அளவீடுகளில் அவை இரண்டும் கட்டாயம் இருக்கட்டும்.

கறிவேப்பிலையும் பருப்பும் வேண்டுமென்றால் இந்திய வம்சாவளியினர் வாழும் ரைலண்ட்ஸ், கேட்ஸ்வில் பக்கம் போங்கள். கோவேந்தர், நாயுடூ, பிள்ளே என்ற பெயர்களைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்துவிடாதீர்கள். 1860 முதல் டர்பனில் கப்பல் இறங்கியவர்களின் வழிவந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் கோயிலில் தேவாரம் பாடுபவர்களும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும். வீட்டுக்குள் ஹீட்டர் இருக்காது, கம்பளி கொண்டு வாருங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை அலுவலகங்களில் ஆள் பிடிப்பது கஷ்டம், களத்திலும் பல குடும்பங்கள் கிழக்கு கேப் மாகாணத்திலுள்ள சொந்த ஊருக்குப் போய்விடும். கையெழுத்தோ வீட்டு வருகையோ, எதுவானாலும் நவம்பருக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.