குளிர் அறை வாசலுக்குப் பட்டைத் திரை: மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஊரே குளிர்பெட்டி மாதிரி இருக்கும்போது வாசலுக்குத் திரை எதற்கு?" என்ற கேள்வியை, உதகையிலும் கோத்தகிரியிலும் குளிர் அறை வைத்திருப்பவர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்து வெக்கையில் மண்டி நடத்துபவருக்கு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டைகளை வாசலில் வரிசையாகத் தொங்கவிடும் பிவிசி பட்டைத் திரையின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் முகத்தில் படும் காற்றே சொல்லிவிடும். மலையில் அந்த வேறுபாடு உடம்புக்குத் தெரிவதில்லை. வெளியேயும் குளிர்தானே, பெயருக்கு ஏதாவது ஒன்று தொங்கினால் போதும் என்ற நினைப்பில் வாங்கப்படும் திரைகளைத்தான் நான் பராமரிப்பு வேலைக்குப் போகும் இடங்களில் அதிகம் பார்க்கிறேன். கடைகளில் ‘ஸ்ட்ரிப் கர்ட்டன்’ என்று கேட்டால் கிடைக்கும் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நினைப்பிலிருந்தே கிளைக்கின்றன.

கதவு திறந்தவுடன் கனமான குளிர்ந்த காற்று வாசலின் கீழ்ப்பாதி வழியே வழிந்து வெளியேறுகிறது. அது விட்ட இடத்தை நிரப்ப வெளிக்காற்று மேல்பாதி வழியே உள்ளே நுழைகிறது. மலையில் அப்படி நுழையும் காற்றின் வெப்பத்தைவிட, அது சுமந்து வரும் ஈரமே பெரிய தொல்லை. 15 டிகிரி செல்சியஸில் மூடுபனி சூழ்ந்த காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 கிராம் நீராவியை வைத்திருக்கும். 0 டிகிரியில் அதே அளவு காற்றால் 5 கிராமுக்கும் குறைவாகவே வைத்திருக்க முடியும். மிச்சமுள்ள 8 கிராமும் அறையைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான கூலிங் காயிலின் மீது ஐஸாகப் படிகிறது. அந்த 8 கிராம் ஆவியை ஐஸாக்குவதற்கு 22 கிலோ ஜூலுக்கு மேல் வெப்பத்தை இயந்திரம் வெளியேற்றியாக வேண்டும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கும் உதகையில், அந்த ஒரு கன மீட்டர் காற்றைக் குளிர்விக்க மட்டும் ஏறத்தாழ 14 கிலோ ஜூல் போதும். காயிலில் ஐஸ் கட்டிவிட்டால் காற்றோட்டம் குறையும், அந்த ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் நேரம் கூடும், கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். தென்மேற்குப் பருவமழையின்போது கூடலூர், உதகைப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் குளிர் அறைகளின் மின்கட்டணம் உயர்வதாகச் சொல்பவர்கள், முதலில் இயந்திரத்தைச் சந்தேகிக்காமல் வாசலைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

வாசலைப் பார்ப்பதற்கு ஓர் ஊதுவத்தி போதும். அறை நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது கதவைத் திறந்து, திரை தொங்கும் நிலையில், கொளுத்திய வத்தியை வெளியே நின்று திரையின் மேல் ஓரத்துக்கு அருகில் பிடியுங்கள். பட்டைகளை மாட்டும் தண்டவாளத்துக்கும் கதவு நிலையின் மேல்கட்டைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தாலும் புகை ஒரு நூலாக நீண்டு உள்ளே இழுபடும். அப்படியே வத்தியைத் தரைக்குக் கொண்டு வந்தால், கீழ் இடைவெளியில் அதே புகை உங்கள் கால் பக்கமாக வெளியே தள்ளப்படும். திரையின் நடுப்பகுதி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், காற்று போய்வரும் இரண்டு இடங்களும் திறந்துதான் இருக்கின்றன என்பதை அந்தப் புகை காட்டிவிடும். தண்டவாளத்தை நிலையின் மேல்கட்டைக்கு அடியில் பொருத்துவதானால் இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் பொருத்த வேண்டும். சுவரின் முகத்தில் பொருத்துவதானால் வாசலின் அளவைவிட மேலேயும் இரு பக்கங்களிலும் கொஞ்சம் கூடுதலாக மூடும்படி அளவெடுக்க வேண்டும். எந்த வகைப் பொருத்தம் என்று முடிவு செய்யாமல் வாசலின் அகலத்தை மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு ஆர்டர் கொடுப்பது மிகவும் பரவலான தவறு.

அதற்கு அடுத்த தவறு, பட்டைகளின் எண்ணிக்கையில் நேர்வது. 1,500 மில்லிமீட்டர் அகல வாசலுக்கு 200 மில்லிமீட்டர் பட்டை என்றால், வகுத்துப் பார்த்து எட்டுப் பட்டை போதும் என்று கணக்கிடுபவர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பட்டைகளைத் தொங்கவிட்டால் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஒரு காற்று வீசினால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பிளவாகிவிடும். பக்கத்துப் பட்டையின் மீது 50 மில்லிமீட்டராவது ஏறிக்கொள்ள வேண்டுமென்றால் பத்துப் பட்டைகள் தேவை. இந்த மேலேற்றத்தை விற்பனையாளர்கள் சதவீதத்தில் சொல்வார்கள், அங்கேதான் குழப்பம். ஒரு பக்கம் ஏறுவதைச் சொல்கிறாரா, இரு பக்கமும் சேர்த்துச் சொல்கிறாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும். 200 மில்லிமீட்டர் பட்டையில் இரு பக்கமும் ஐம்பது ஐம்பதாக மூடியிருப்பதை ஒருவர் 50 சதவீதம் என்பார், மற்றவர் 25 என்பார். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு பட்டையின் மீது அடுத்த பட்டை எத்தனை மில்லிமீட்டர் ஏற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு. காற்று நேராக வந்து மோதும் மேட்டு நிலத்துக் கட்டடங்களுக்கு 50 போதாது. அகலமான பட்டையும் கூடுதல் மேலேற்றமும் வேண்டும்.

அகலத்தையும் தடிமனையும் தீர்மானிக்கும்போது திரைக்குள் நுழைந்து வெளியேறுபவர் யார் என்பதைப் பார்க்காமல் விடுவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 200 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பட்டை, ஏழடி உயர வாசலில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். 300-க்கு 3 என்றால் அதே உயரத்தில் இரண்டே கால் கிலோவைத் தாண்டும். 400-க்கு 4 என்றால் நான்கு கிலோ. கடைசி வகை ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பெரிய கிடங்குகளுக்கு உரியது. கேத்திப் பக்கத்தில் ஒரு சிறிய கேரட் கிடங்கில், உறுதியாக உழைக்கட்டும் என்று 3 மில்லிமீட்டர் பட்டைகளை நெருக்கமாகப் பொருத்தியிருந்தார்கள். அங்கே கழுவிய கேரட் நிறைந்த பெட்டிகளை இடுப்பிலும் தலையிலும் சுமந்து செல்பவர்கள் பெண்கள். இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருக்கும்போது ஒரே நேரத்தில் நான்கைந்து பட்டைகளை முகத்தாலும் தோளாலும் தள்ளிக்கொண்டுதான் அவர்கள் நுழைய வேண்டியிருந்தது. தள்ளிய பட்டை திரும்பி வந்து பின்னால் வருபவரின் கன்னத்தில் அறைந்தது. "சுமையோட இதுல பூந்து போக முடியலைங்க" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மூன்றாம் வாரம் நான் போனபோது, நடுவிலிருந்த ஆறு பட்டைகளும் ஒரு நைலான் கயிற்றால் ஓரமாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையை வாங்கியவர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆட்கள் நடந்து போகும் வாசலுக்கு 2 மில்லிமீட்டரே ஏற்றது. தள்ளுவண்டி உரசும் வாசலுக்கு, மேற்பரப்பில் வரிவரியாகப் புடைப்பு உள்ள பட்டையைக் கேட்டு வாங்கலாம். கீறல் அந்தப் புடைப்போடு நின்றுவிடுவதால் நடுவில் பார்வை மங்காமல் இருக்கும்.

உறைநிலை அறைகளுக்கு வருவோம். கேரட், காளான், கொய்மலர் ஆகியவற்றை வைக்கும் 0 முதல் 5 டிகிரி அறைகளுக்குச் சாதாரணப் பட்டை போதுமானது. ஆனால் சீசனுக்காக விடுதிகளுக்குக் கோழியும் மீனும் சேமிக்கும் மைனஸ் 18 டிகிரி அறைக்கு அதே பட்டையைத் தொங்கவிடக் கூடாது. பிவிசியை வளையச் செய்வது அதில் கலந்திருக்கும் மென்மையூட்டும் எண்ணெய்ப் பொருள்தான். குளிர் ஏற ஏற அது தன் வேலையைச் செய்யாமல் போக, பட்டை விறைத்து, பிறகு உடையத் தொடங்கும். கடும் குளிருக்கென்று தனிக் கலவையில் வருவதைப் ‘போலார்’ என்பார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து. நானே ஒருமுறை போலார் என்று சொல்லித் தரப்பட்டதைச் சோதிக்காமல் வாங்கி ஒரு விடுதியின் உறைநிலை அறையில் மாட்டினேன்; ஒரு ஜனவரி விடியலில் தள்ளுவண்டி இடித்ததும், கொக்கிக்குச் சற்றுக் கீழே, அப்பளம் ஒடிவதுபோல் இரண்டு பட்டைகள் குறுக்கே முறிந்து விழுந்தன. அந்தச் செலவை நான்தான் ஏற்றேன். அன்றிலிருந்து, பணம் கொடுக்கும் முன் ஒரு சாண் துண்டு வாங்கி, வீட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, காலையில் எடுத்த கையோடு இரண்டாக மடித்துப் பார்க்கிறேன். கண்ணாடித் துண்டுபோல் அடம்பிடித்தாலும், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலும் அதை வாங்குவதில்லை.

பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. குளிர் அறையின் சுவர், இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பஃப் என்னும் காப்பு நுரை நிரப்பிய பேனல். அதில் வெறும் திருகை முடுக்கித் தண்டவாளத்தைத் தொங்கவிட்டால் பத்து, இருபது கிலோ எடையும் நாள் முழுதும் ஆடும் ஆட்டமும் சேர்ந்து திருகைப் பிடுங்கிவிடும். பேனலுக்குப் பின்னால் ஒரு பட்டைத் தகடு கொடுத்து, போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, துளையின் இரு பக்கங்களையும் சிலிக்கான் கொண்டு அடைக்க வேண்டும். அடைக்காத துளை வழியே ஈரம் புகுந்தால் பஃப் தண்ணீர் குடித்துத் தன் காப்புத்திறனை இழக்கும். தண்டவாளமும் கொக்கியும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

கதவுக்கும் திரைக்கும் உள்ள உறவையும் கவனிக்க வேண்டும். திரை கதவின் ரப்பர் விளிம்புக்கு மிக அருகில் இருந்தால், இரவு பூட்டும்போது ஓரப் பட்டையின் நுனி ரப்பரில் சிக்கிக்கொள்ளும். பூட்டியவருக்கு அது தெரியாது. காலையில் வந்தால் அந்த இடத்தில் கதவோரமாக ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பனிக்கோடு படிந்திருக்கும். உள்ளிருந்து கதவைத் திறக்கும் அவசரக் கைப்பிடியைப் பட்டைகள் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் எந்தச் சமாதானமும் கூடாது. திரை இருக்கிறதே என்று நாள் முழுதும் கதவைத் திறந்து போடுவதும் சரியன்று. சரக்கு ஏற்றி இறக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் திரை உதவும்.

இடம் போதாத கிடங்குகளில் ஒரே அறையை நடுவில் பட்டைத் திரையால் பிரித்து, ஒரு பக்கம் கார்னேஷன் மலரும் மறுபக்கம் பேரிக்காயோ பிளம்ஸோ வைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன். பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயுவை எந்தப் பட்டையும் தடுக்காது. மலர் சீக்கிரம் சுருங்கும், கேரட்டாக இருந்தால் கசக்கும். மலைப்பூண்டுக்கும் இதே கதைதான்: பூண்டுக்கு 60 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும், கேரட்டுக்கு 95-க்கு மேல் வேண்டும், நடுவில் தொங்கும் திரையால் இந்த இரண்டையும் பிரித்துக் காக்க முடியாது.

பட்டையைச் சுருளாகக் கொண்டுவந்த அன்றே அளந்து வெட்டி முடித்துவிடும் அவசரமும் வேண்டாம். சுருளின் வளைவு மலைக்குளிரில் எளிதில் நிமிராது. வாசலில் வெயில் வரும் நேரத்தில் பட்டைகளை விரித்துப் போட்டு, இளகியபின் ஒன்றின் வளைவு உள்நோக்கியும் அடுத்ததன் வளைவு வெளிநோக்கியும் இருக்குமாறு மாற்றி மாற்றி மாட்டினால் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். அடிப்பக்கத்தை இரண்டு மூன்று நாள் தொங்கவிட்டபின், தரையை உரசாமல் ஒரு விரல் தடிமனுக்கு மேலே நிற்கும்படி வெட்டலாம். உறைநிலை அறையில் தரையில் புரளும் பட்டை ஈரத்தோடு சேர்ந்து உறைந்து ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரே போதும், தின்னர் படவே கூடாது. மங்கிய பட்டையை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம், திரை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கழற்றிய பழைய பட்டைகளைத் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் குவித்துக் கொளுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்; பிவிசி எரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும், பள்ளத்தாக்கின் மூடுபனியில் அது எளிதில் கலையவும் கலையாது. கட்டாகக் கட்டி வைத்து, மேட்டுப்பாளையத்துக்குச் சரக்கு இறக்கப் போகும் வண்டியிலேயே பிவிசி கழிவு எடுக்கும் பழைய பொருள் கடைக்கு அனுப்பிவிடலாம்.