வெளிநாட்டில இருந்துகொண்டு ஊரை நாவலா எழுதுறது எப்பிடி

ஊரில ஏதும் பெருசா நடந்தா வெளிநாட்டில இருந்து எழுதுற எங்களுக்குக் கை சும்மா இராது, ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் போனில ஒரு வீடியோ வந்தா உடன எழுதவேணும் போலதான் எனக்கு இருக்கும். எழுதுங்கோ. ஆனா நேர நாவலுக்குள்ள கொண்டுபோய் வைக்காதேங்கோ. ஒரு கொப்பி எடுத்து திகதி போட்டு, அந்தச் செய்தி வந்த நேரம் உங்கட வீட்டில என்ன நடந்தது எண்டதை முதல் எழுதி வையுங்கோ. 2022 ஜூலை 9 கொழும்பில சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள பூந்ததையும் அங்க நீச்சல் தடாகத்தில குளிச்சதையும் உலகமே பாத்தது, அந்தப் படம் எப்பவும் இணையத்தில கிடக்கும், அதை நாங்கள் காப்பாத்தத் தேவையில்ல. அதே நேரம் ஸ்காபரோவில ஒரு அம்மா ரீவியில அதைப் பாத்துக்கொண்டே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, "காஸ் வந்ததோ, இன்னும் விறகிலயோ சமைக்கிறியள்" எண்டு தங்கச்சியிட்ட கேட்டிருப்பா எல்லே, அதை நீங்கள் எழுதாட்டி ஒருத்தரும் எழுதப்போறதில்ல.

பிறகு வயசு போன ஆக்களிட்ட கதை கேக்கிறது. இதைப் பலபேர் வடிவாச் செய்யிறதில்ல. "போர் எப்பிடி இருந்தது" எண்டு கேட்டா அவையள் பேப்பரில வந்ததையே திருப்பிச் சொல்லுவினம், பாவம், வேற என்ன சொல்லுறது. ஒரு நாளையும் ஒரு பொருளையும் பிடிச்சுக் கேளுங்கோ. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்து சனம் மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிப் பக்கம் போனதெல்லே, அதில நிண்ட ஒருத்தரிட்ட வீட்டைப் பூட்டினீங்களோ, திறப்பு ஆரிட்ட இருந்தது, சைக்கிள் கரியரில என்ன கட்டினீங்கள், நாயை அவிட்டு விட்டீங்களோ எண்டு கேட்டுப் பாருங்கோ. நாய் எண்ட கேள்வியில கனபேர் கொஞ்ச நேரம் கதைக்காம இருப்பினம். அப்ப அடுத்த கேள்வி கேக்காதேங்கோ.

ஒரு பொருளை எழுதினா அது எப்பிடி வேலை செய்யுது எண்டு முழுசாத் தெரிஞ்சிருக்கவேணும். 90களில பொருளாதாரத் தடை இருந்த காலம், யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்ல, பற்றறி கிடைக்காது, சைக்கிளை ஸ்ராண்டில விட்டு பெடலைக் கையால சுத்தி டைனமோ வயரை ரேடியோவுக்குக் குடுத்துத்தான் பிபிசி தமிழோசை கேட்டவை. இதை "மக்கள் மிகுந்த சிரமத்துக்கு மத்தியில் செய்தி கேட்டனர்" எண்டு எழுதினா ஒண்டும் இல்ல. ஆர் சுத்தினது? அந்த வீட்டுப் பெடியன், பன்ரெண்டு வயசு எண்டு வைப்பம், கை நோகுது, வேகம் குறையக் குறையக் குரல் அமுங்குது, எந்த ஊரில ஷெல் விழுந்தது எண்டு சொல்லப்போற அந்த இடத்தில சத்தம் போகுது, தகப்பன் "சுத்தடா" எண்டு கத்துறார், அவருக்கு அந்த ஊரில தமக்கை இருக்கிறா. தடை, போர், லண்டன் வானொலி எல்லாம் அந்த ஒரு கைக்குள்ள வந்திட்டுது, நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்ல.

திகதி பிழைக்கக்கூடாது. 1981 இல யாழ்ப்பாணத்தில எங்கட லைபிரரியில 97,000 புத்தகம் எரிஞ்சது, அதே நாள்களில ஈழநாடு பேப்பர் கந்தோரும் எரிஞ்சது, அப்பிடிப்பட்ட ஊரைப் பற்றி எழுதேக்க ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதுறது சரியில்ல எண்டு நான் உறுதியா நம்புறன். 2005 இல தொடங்கின நூலகம் எண்ட இணைய நூலகத்தில பழைய பேப்பர், சஞ்சிகை எல்லாம் ஸ்கான் பண்ணி இலவசமாப் போட்டிருக்கினம். தலைப்புச் செய்தியோட நிக்காம விளம்பரப் பக்கத்தையும் பாருங்கோ, என்ன சாமான் விக்கினம், எந்தத் தியேட்டரில என்ன படம், ஆற்ற மரண அறிவித்தல். நாவலுக்குக் காத்து அங்கயிருந்துதான் வரும்.

இஞ்ச நடக்கிறதையும் எழுதவேணும், ஊரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தா பாதி வாழ்க்கை வெளியில நிக்கும். 1986 ஓகஸ்ட்டில கனடாவின்ர நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு உயிர்காப்புப் படகில தத்தளிச்ச 155 தமிழரை மீன்பிடிக்காரர் காப்பாத்திக் கரைசேத்தவை. 2010 இல சன் சீ கப்பலில 492 தமிழர் இஞ்ச வந்தபோது கொண்டுபோய்த் தடுப்பில வைச்சவை. ஒரே நாடு, ஒரே கடல்பயணப் பயம், ஏன் இவ்வளவு வித்தியாசம் எண்டதுக்குள்ள ஒரு நாவல் கிடக்கு, ஒருத்தராவது எழுதுங்கோ.

இதுக்கு நான் ஒரு பயிற்சி சொல்லுறனான். 2009 மே 10 ரொறன்ரோ கார்டினர் ஹைவேயில எங்கட சனம் போரை நிப்பாட்டச் சொல்லி றோட்டை மறிச்சு இருந்தது, அண்டைக்கு அன்னையர் தினம், பிள்ளையளைத் தள்ளுவண்டிலில வைச்சுக்கொண்டு தாய்மார் முன்னுக்கு நிண்டவை, ஊரில முள்ளிவாய்க்காலில போர் முடிய இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. அந்த றோட்டில இருந்த பொம்பிளையை முதல் எழுதுங்கோ, பிறகு அதே பின்னேரத்தை மறிபட்ட காருக்குள்ள பூங்கொத்தோட தன்ர தாயிட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு கனேடியனா இருந்து எழுதுங்கோ, அவனைக் கூடாதவன் ஆக்காம. ரெண்டையும் நேர்மையா எழுதேலுமெண்டா உங்களுக்கு நாவல் வரும்.

உக்ரைன், காஸா செய்தி வரேக்க "இது எங்கட 2009 மாதிரி" எண்டு மனசு சொல்லும். அந்த வசனத்தை ஒரு பாத்திரம் தன்ர வாயால சொல்லட்டும், கதைசொல்லி சொல்லக்கூடாது, அதோட அந்த நாட்டு எழுத்தாளரில ஒரு நாலு பேரையாவது வாசிச்சிட்டு எழுதுங்கோ, அவையின்ர துக்கத்தை எங்கட துக்கத்துக்கு உவமையாப் பாவிக்கிறது நல்லதில்ல.

கதை தந்த ஆக்களின்ர சொந்தம் இன்னும் ஊரில இருக்கும், அதால பேர், ஊர், தொழில் மாத்துங்கோ, றெக்கோட் பண்ணுறதெண்டாக் கேட்டிட்டுப் பண்ணுங்கோ. நேரம் கிடைக்காது எண்டு சொல்லுறவைக்கு, ஷிப்ட் முடிஞ்சு அரை மணித்தியாலம் காணும், ஒவ்வொரு நாளும் இருந்தா.

முதல் பிரதி முடிஞ்சா ரெண்டு பேருக்குக் குடுங்கோ, ஒருத்தர் ஊரில வளந்தவர், மற்றவர் இஞ்ச பிறந்து தமிழ் வாசிக்கக்கூடிய பிள்ளை. ஊர்க்காரர் "அந்த பஸ் அந்தப் பக்கம் போறேல்ல" எண்டா மறுபேச்சில்லாமத் திருத்துங்கோ. பிள்ளை "இவ ஏன் பொலிசைக் கண்டா இப்பிடிப் பயப்பிடுறா" எண்டு கேட்டா அந்த இடத்தில நிண்டு இலங்கை வரலாறு ரெண்டு பக்கம் எழுதாதேங்கோ, முதலாம் அத்தியாயத்திலயே அவ பால் வாங்கக் கடைக்கு வெளிக்கிடேக்க ஐடென்ரி காட் பையுக்குள்ள இருக்கோ எண்டு ரெண்டு தரம் பாக்கிற மாதிரி ஒரு வரி வைச்சுவிடுங்கோ.