டையிங்குக்குப் போன துணி எங்கே?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் செய்து கொடுத்த மென்பொருள் வேலை இது. நூல் நிட்டிங்குக்கு (பின்னலுக்கு) போகும். துணியாகி டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி அழுத்துவது), பிரிண்டிங் என்று ஊர் சுற்றும். ஒவ்வொரு இடத்திலும் எடை மாறும். அவர்களிடம் இருந்த கணக்கு மென்பொருளுக்கு வாங்கியதும் விற்றதும் தெரியும். நடுவில் யாரிடம் எத்தனை கிலோ நிற்கிறது என்பது மேலாளரின் டைரியில்தான். அவர் லீவு போட்டால் அவ்வளவுதான்.

லாட் எண் (ஒரு தொகுதி துணிக்கான அடையாள எண்) இல்லாமல் டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான், அச்சாகாது என்று முதலில் வைத்தேன். எந்த வேலைக்கு எடையில் எத்தனை சதவீதம் லாஸ் போகலாம் என்பதை முதலாளியே நிரப்பினார். துணி திரும்பும்போது அதைத் தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும். கேட்டில் எடை போடுகிறவரே மொபைலில் தமிழில் பதிந்துவிடுவார். (திரையை அவரிடம் கேட்டுத்தான் அமைத்தேன். இல்லாவிட்டால் டைரிதான் ஜெயித்திருக்கும்.)

அப்புறம் ஜிஎஸ்டி. ஜாப் வொர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்யும் வேலைக்கு) அனுப்பிய துணி 1 வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். அதனால் பழைய டிசிகள் மேலே வரும்படி ஒரு பட்டியல். ஜாப் வொர்க்குக்குப் போய் வந்த சரக்கை ஜிஎஸ்டியில் காட்டும் ஐடிசி-04 படிவத்துக்கான விவரமும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். வரவு செலவை மட்டும் பழைய மென்பொருளிலேயே விட்டுவிட்டோம். ஆடிட்டருக்கு அதுதான் பழக்கம்.