கையடக்க ஆர்சி விமானம் (ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம்) வாங்கப் போகிறீர்களா?

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை விடுங்கள், இறக்கையைப் பாருங்கள். உடலுக்கு மேலே பொருத்தி, நுனிகள் சற்றே உயர்ந்திருந்தால், ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டதும் விமானம் தானாகவே நிமிரப் பார்க்கும். புதியவருக்கு அதுதான் தேவை. போர் விமான வடிவம் அழகுதான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பைக்குள் போக வேண்டுமே! ரப்பர் பேண்டிலோ இரண்டு திருகிலோ இறக்கை கழன்று வர வேண்டும். பசை போட்டு ஒட்டும் ரகம் வேண்டாம். இபிபி ஃபோம் வளைந்துகொடுக்கும், தெர்மோகோல் ரகம் பட்டென்று உடையும். ப்ரொப்பெல்லர் பின்பக்கம் இருந்தால் மூக்குக் குத்தி விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். 100 கிராமுக்கும் குறைவான விமானத்தை இலை அசையாத நேரத்தில் மட்டும் பறக்கவிடுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழு சார்ஜில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். எடுத்து வைக்கும்போது பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் சுமார் 3.8 வோல்ட் போதும்.