கேஷ் என்றால் காசுதானா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘காசு’ என்பதைத்தான் வெள்ளைக்காரன் ‘கேஷ்’ ஆக்கினான் என்று ஒரு பதிவு மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. தமிழ் மேல் உள்ள பாசத்தில்தான் அனுப்புகிறார்கள், ஆனால் அதில் உண்மையான பாதியை விட்டுவிட்டுத் தப்பான பாதியைப் பரப்புகிறோம்.

முதல் தவறு, கேஷ் ஒரே சொல் என்று நினைப்பது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, சொல் இரண்டு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், லத்தீனில் பெட்டி என்று பொருள்படும் ‘கப்சா’விலிருந்து இத்தாலிய ‘கஸ்ஸா’, பிரெஞ்சு ‘கேஸ்’ வழியாக வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, அப்புறம் அதற்குள் இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. மாசி வீதிப் பக்கம் ஓட்டலில் சாப்பிட்டு எழுந்தால் “கேஷ்ல குடுத்துருங்கண்ணே” என்பார் சப்ளையர். அவர் சொல்வது கல்லாவை. கிட்டத்தட்ட அந்தப் பழைய பொருள்தான்.

அதற்காக, தமிழுக்கும் கேஷுக்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துப் பேசுவதும் தவறு. இன்னொரு கேஷ் நம்முடையது. நம் காசு போர்ச்சுகீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது (அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கைஷா என்றுதான் பெயர், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்). ஆனால் இந்தக் கேஷ் பொதுவாகப் பணத்தைக் குறிக்காது, சிறு செப்பு நாணயத்தைக் குறிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் ‘நட்சத்திர வராகன்’ என்ற ஒரு தங்க நாணயம். 1808ஆம் ஆண்டு போட்ட 20 காசு நாணயம் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து, அதோடு ஆங்கிலத்தில் ‘எக்ஸ் எக்ஸ் கேஷ்’ (எக்ஸ் எக்ஸ் என்றால் ரோமன் எண்ணில் 20). அது நம்ம காசேதான். நடுவில் ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசையும் ஐரோப்பியர்கள் இதே பெயரில்தான் அழைத்தார்கள். பெருமையாகப் பகிர்வதென்றால் இதைப் பகிரலாம், ஒரு தமிழ்ச் சொல் சீன நாணயம் வரைக்கும் போயிருக்கிறது.

ஒலி ஒத்துப்போனாலே உறவு என்று முடிவு கட்டாதீர்கள். எந்த வழியாக, எந்தக் காலத்தில் வந்தது என்று கேளுங்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல், ரோமானியர்கள் கப்சா என்று சொன்னது அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல். போனில் ‘கேஷ் கிளியர் பண்ணு’ என்கிறோமே, அந்தக் கேஷ் (cache, போன் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் தகவல்) வேறு சொல். ஒளித்து வைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கேஷியரிலும் இரண்டு உண்டு. கல்லாவில் இருப்பவர் பெட்டி வழி வந்தவர். ராணுவ அதிகாரி ஒருவரை ‘கேஷியர்’ செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் படித்தால், அவருக்குக் கணக்கு வேலை கொடுத்தார்கள் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அவமானப்படுத்திப் பதவியைப் பறித்துவிட்டார்கள் என்று பொருள்.